முப்பத்தொன்பதிலேயே நிற்க விரும்பிய வீரன்

செமிலிங்கில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். சசிதரன் மெகி மீ நூடுல்ஸைச் சட்டியோடு மேசையில் வைத்து ஊதிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு செய்தி வந்து விழுந்தது.

“உங்கள் பழைய நண்பர் ஒருவர் ஏழு வாசல் ராஜ்யத்தில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்.”

இந்த மாதிரி செய்திகளைக் கண்டதும் அழித்துவிட வேண்டும் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். பரிசு விழுந்திருக்கிறது, பார்சல் வந்திருக்கிறது என்று தினமும் நாலைந்து வரத்தான் செய்கின்றன. சசிதரனும் புத்தி கெட்டவன் அல்ல. புத்தி வேண்டிய மட்டும் இருந்தது. நண்பர்கள்தாம் இல்லை.

அவனுக்கு வயது முப்பத்தெட்டு. எஸ்டேட்டுக்குள் இருக்கும் செம்பனை ஆலையில், குலை ஏற்றி வரும் லாரிகளைத் திம்பாங்கில் எடைபோட்டு உள்ளே விடும் வேலை. முன்பெல்லாம் டிரைவர்கள் இறங்கி வந்து, கையெழுத்துப் போடுகிற சாக்கில் கால் மணி நேரம் மேனேஜரைத் திட்டிவிட்டுப் போவார்கள். இப்போது லாரியின் நம்பரைக் கேமரா படித்துக்கொள்கிறது, எடையைக் கணினி எழுதிக்கொள்கிறது. கேமரா கெட்டுப்போனால் பார்த்துக்கொள்ளத்தான் சசிதரன். கேமரா இதுவரை கெட்டுப்போகவில்லை. மனைவி வாசுகி கூலிமில் தன் அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடுவதற்கும் இரண்டு பேர் பேச வேண்டும் அல்லவா? வீட்டில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் அவன் உட்காருவான், மற்றதில் துவைத்த துணி உட்காரும்.

ஆகவே அவன் அந்தச் செய்தியை அழிக்காமல் மறுபடியும் படித்தான். மீ ஆறியது மட்டுமல்ல, ஊறியும் போனது.

ஏழு வாசல் என்பது ஓர் ஆன்லைன் விளையாட்டு. ஆளுக்கொரு வீரனை வைத்துக்கொண்டு, எங்கெங்கோ இருப்பவர்கள் எல்லாரும் ஒரே ராஜ்யத்துக்குள் போய்த் தவளையிலிருந்து பூதம் வரை அடித்து லெவல் ஏறுவார்கள். பதினான்கு வருடத்துக்கு முன் பீடோங்கில் ராமையா அண்ணனின் சைபர் கபேதான் அவர்களுக்கு ராஜ்யம். சசிதரனின் வீரன் பெயர் ரிம்பாராஜா. பக்கத்து நாற்காலியில் தஞ்சோங் டாவாயிலிருந்து பஸ் ஏறி வரும் ரோனால்ட். அவன் வீரன் பெயர் கேப்டன் ரோனி.

அந்தக் காலத்தில் ஒரு லெவல் ஏறுவது என்பது வீடு கட்டுகிற மாதிரி. சதுப்பு நிலத்தில் ஒரு தவளையை அடித்துவிட்டால், அடுத்த தவளை முளைக்கும் வரை சேற்றங்கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்தால் பேச்சு வரும். எந்தத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள், யார் தங்கைக்கு நிச்சயம் ஆயிற்று, எந்த டீச்சர் செத்துப்போனார் என்பதெல்லாம் அந்தச் சேற்றங்கரையில் பேசியதுதான். அவர்களுக்குள் ஒரு வழக்கமும் இருந்தது. ஒருவன் லெவல் ஏறினால் எல்லாரும் கணினியை விட்டு எழுந்து கீழே ஒட்டுக்கடைக்குப் போவார்கள். ஏறியவன் தன் காசில் எல்லாருக்கும் தே தாரிக் டீ பெலாஞ்சா செய்ய வேண்டும். அவன் வாங்கித் தந்ததைக் குடித்து முடிக்கும் வரை ஒருவனும் ஒரு தவளையைக்கூடத் தொடக்கூடாது.

முப்பத்தொன்பதிலிருந்து நாற்பது ஏறுவதுதான் பெரிய கண்டம். அங்கே ஒரு கல்பாலம் உண்டு. இரண்டு வீரர்கள் இரண்டு கற்களில் ஒரே நேரத்தில் நின்றால்தான் அது இறங்கும். தனி ஆளாக எத்தனை பெரிய பயில்வான் போய் நின்றாலும் அசையாது. சசிதரனும் ரோனால்டும் முப்பத்தொன்பதில் வந்து நின்ற வாரம், ரோனால்டுக்கு ஜொகூரில் வேலை கிடைத்தது. “வந்திருவேன்டா. நான் வர்ற வரைக்கும் ஏறாத” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான். சசிதரன் ஏறவில்லை. வேறு யாரோடும் பாலத்துக்குப் போகவில்லை. அப்புறம் கபே மூடி, அங்கே கைப்பேசிக் கடை வந்தது. ரோனால்ட் ஊருக்குத் திரும்பிப் படகு ஓட்டுகிறான் என்று சசிதரன் கேள்விப்பட்டான். அவன் கல்யாணத்துக்கு அழைப்பும் வந்தது. அன்று ஷிப்ட் இருந்ததால் சசிதரன் போகவில்லை. கல்யாணத்துக்குப் போகாதவன் அப்புறம் எந்த முகத்தோடு போவது என்று யோசித்ததில் பத்து வருடம் ஓடிவிட்டது. செமிலிங்குக்கும் தஞ்சோங் டாவாய்க்கும் காடி ஓட்டிப் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது.

பழைய நண்பர் என்றால் ரோனால்ட்தான். வேறு யார் இருக்கிறார்கள்?

அவன் விளையாட்டைக் கைப்பேசியில் இறக்கி, பழைய பெயரைப் போட்டு உள்ளே நுழைந்தான்.

நுழைந்ததும் எக்காளம் ஊதியது. வாணவேடிக்கை வெடித்தது. இரண்டு பக்கமும் தேவதைகள் நின்று பூத்தூவ, நடுவில் தங்க எழுத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. “வருக, மீள்வீரரே! தாங்கள் இல்லாத ஆண்டுகளில் தாங்கள் அடைந்திருக்க வேண்டிய வளர்ச்சியை மீள்வீரர் நலப்பிரிவு தங்கள் சார்பாக அடைந்துவிட்டது. முப்பத்தொன்பதில் இருந்த தாங்கள் இப்போது இருநூற்று நாற்பது!”

கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்றில் ‘நன்றி’ என்றும், மற்றதில் ‘மிக்க நன்றி’ என்றும் எழுதியிருந்தது. வேண்டாம் என்று சொல்ல ஏதாவது பொத்தான் இருக்கிறதா என்று சசிதரன் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். கடைசியில், இருப்பதில் சின்ன பாவம் என்று ‘நன்றி’யை அழுத்தினான்.

ரிம்பாராஜாவை அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. தோளில் இறக்கை, தலையில் நெருப்பு, காலுக்கடியில் ஒரு சிங்கம். சதுப்பு நிலத்துக்குப் போகலாம் என்று விரலை வைத்தான். வைத்ததுதான் தாமதம், ரிம்பாராஜா தானாகவே எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கினான். தானாகவே ஒரு மலையேறி, தானாகவே ஒரு பூதத்தை அடித்து, தானாகவே இருநூற்று நாற்பத்தொன்று ஆனான். “தாங்கள் ஓய்வெடுங்கள். தங்கள் வீரர் பார்த்துக்கொள்வார்” என்றது திரை. திம்பாங்கில் கேமரா வந்த அன்று சூப்பர்வைசரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்.

மலையில் நூற்றுக்கணக்கான வீரர்கள் நின்று பூதங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ‘யாராச்சும் இருக்கீங்களா?’ என்று சசிதரன் எழுதினான். நூற்றுக்கணக்கான பதில்கள் ஒரே நொடியில் வந்து குவிந்தன. எல்லாவற்றிலும் ஒரே வாசகம். ‘தங்கள் வாழ்த்துக்கு நன்றி.’ உள்ளே ஓர் ஆளும் இல்லை. சந்தைக் கூட்டம் முழுக்கச் சட்டைகள் மட்டும் நடமாடுகிற மாதிரி இருந்தது அவனுக்கு.

நண்பர் பட்டியலைத் திறந்தான். அதில் ஒரே ஒரு பெயர் மிச்சம் இருந்தது. கேப்டன் ரோனி, லெவல் முப்பத்தொன்பது, சதுப்பு நிலம், தூக்கத்தில்.

அவனும் ஏறவில்லை! இத்தனை வருடமும் அந்தச் சேற்றங்கரையிலேயே படுத்துக் கிடக்கிறான். ஒரு செய்தி விட்டால் அது தூங்குகிற ஆளின் கைப்பேசிக்கும் போய்ச் சேரும் என்று படித்திருந்தான். ‘ரோனி, நீதானா?’ என்று எழுதி அனுப்பினான். திரை சிவந்தது. “இருநூறு லெவலுக்கு மேல் வித்தியாசம் உள்ளவர்களோடு தாங்கள் பேச இயலாது. இது தங்கள் தகுதியைக் காக்கும் ஏற்பாடு.”

இருநூற்று நாற்பத்தொன்றில் முப்பத்தொன்பதைக் கழித்தால் இருநூற்றிரண்டு. இரண்டே இரண்டு லெவல் இறங்கினால் போதும், ரோனால்டோடு பேசிவிடலாம்.

உதவிப் பக்கத்தில் ‘கனிவு’ என்ற பெயரில் ஓர் உதவியாளர் இருந்தார். அவர் மனிதரா இயந்திரமா என்று கேட்கக்கூடாது என முதல் வரியிலேயே போட்டிருந்தது.

‘என்னை ரெண்டு லெவல் இறக்கி விடுங்க’ என்று எழுதினான் சசிதரன்.

“தங்கள் மனக்குறை எங்களை வருத்துகிறது. தாங்கள் இரண்டு லெவல் குறைவாக இருப்பதாகத் தெரிவித்தீர்கள். இதோ, பத்தாக வழங்கியுள்ளோம்.”

ரிம்பாராஜா இருநூற்றைம்பத்தொன்று ஆனான். எக்காளம் ஊதியது.

‘ஐயா, ஏத்தாதீங்க. இறக்குங்க. கீழ.’

“கீழ் என்ற சொல் எங்கள் சேவைக் கொள்கையில் இல்லை. மீண்டும் குறை தெரிவித்தமைக்காக மேலும் பத்து.”

இப்படியே அந்த மத்தியானம் போயிற்று. அவன் கெஞ்சினான், ஏற்றினார்கள். அதட்டினான், ஏற்றினார்கள். கெட்ட வார்த்தை ஒன்றை எழுதிப் பார்த்தான். ‘உணர்ச்சிமிகு வீரர்’ என்ற பட்டத்தோடு இருபதாக ஏற்றினார்கள். ரோனால்டுக்கும் அவனுக்கும் நடுவில் இருந்த இரண்டு லெவல், பொழுது சாய்வதற்குள் மலைபோல வளர்ந்துவிட்டது.

மறுநாள் அவன் ஒரு தந்திரம் செய்தான். வேறு பெயரில், வேறு மின்னஞ்சலில், ஒன்றாம் லெவலிலிருந்து புதிதாகத் தொடங்கினான். கையில் மரக்கத்தி, இடுப்பில் கோணிச்சாக்கு. அந்தக் கோலத்தில் நேராகச் சதுப்பு நிலத்துக்குப் போனான். சேறு அப்படியே இருந்தது. கரையோரத்தில், கட்டைக்குப் பக்கத்தில், கேப்டன் ரோனி குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். மண்டையில் அந்தப் பழைய கோழிச்சிறகுத் தொப்பி. ஐந்தாம் லெவல் ஆனால்தான் வாய் திறக்கும், செய்தி அனுப்பலாம். சசிதரன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தவளையை அடித்தான். அடுத்த தவளைக்காகக் காத்திருந்தான். அந்தக் கொஞ்ச நேரம் அவன் சந்தோஷமாக இருந்தான் என்று சொன்னால் அது மிகையில்லை.

மூன்றாம் லெவல் ஏறும்போது வானம் வெடித்தது. தேவதைகள் இறங்கினார்கள்.

“மீள்வீரரே, தங்களைக் கண்டுகொண்டோம்! தாங்கள் தவளைக்காகக் காத்திருந்தீர்கள். போகிற வருகிறவர்களைப் பார்த்துக் கும்பிட்டீர்கள். புதியவர்கள் எவரும் இவ்வாறு செய்வதில்லை. தன்னடக்கத்தோடு ஒளிந்திருந்த தங்களுக்கு இருநூற்றெண்பது!”

அவனைச் சேற்றிலிருந்து தூக்கி மலையுச்சியில் வைத்தார்கள். தகுதிக்குப் பொருந்தாத இடம் என்று சதுப்பு நிலத்தின் வாசல் அவன் முகத்துக்கு நேராக மூடிக்கொண்டது.

வாரத்தின் நடுவில் ஒரு பெண்மணி அழைத்தார். “வணக்கம், சார். நான் பிரேமாவதி, மீள்வீரர் நலப்பிரிவு. நீங்கதான் வட மாநிலத்துலேயே ரொம்ப வேகமா ஏறுன ஆளு. புகார்லேயே இவ்ளோ தூரம் வந்தவங்க யாருமே இல்ல, சார். ஞாயித்துக்கிழமை சுங்கைப்பட்டாணியில பாராட்டு விழா. தமிழ் வீரர்களுக்குன்னு தனியா வச்சிருக்கோம். கட்டாயம் வந்துருங்க லா.”

“மேடம், அந்த மெசேஜ்… பழைய நண்பர் காத்திருக்காருன்னு. அது யாருன்னு சொல்ல முடியுமா?”

“அதெல்லாம் தலைவரு நேர்ல சொல்லுவாரு, சார். டிரெஸ் கோட் பாத்தேக்.”

நேரில் சொல்வார் என்ற ஒரே நம்பிக்கையில் சசிதரன் பாத்தேக் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனான்.

மண்டபத்தில் நாற்காலிகளுக்கு வெள்ளை உறை போட்டு முதுகில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் அவன் வயதுக்காரர்கள். எல்லாரும் பக்கத்து நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிரிவுத் தலைவர் திரு. சிவநேசன் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். அவருக்குப் பொன்னாடை போர்த்தி மாலை போட்டார்கள். அவர் மேடையில் ஒரு கண்ணாடி உருண்டையின் மேல் கையை வைக்க, அது புகைவிட்டு, ‘எல்லோரும் உச்சியில்’ என்ற திட்டம் தொடங்கிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. புகையில் முன்வரிசையினர் இருமினார்கள். பிறகு அவர் பேசினார்.

“அன்பிற்கினிய மீள்வீரர்களே! அந்தக் காலத்திலே ஒரு லெவல் ஏற ஒரு மாதம். ஒரு மாதம்! சேற்றிலே உட்கார்ந்து, தவளையை எதிர்பார்த்து, பக்கத்திலே இருப்பவனோடு பேசிப் பேசி… நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. எங்கள் ஆய்வு என்ன சொல்கிறது தெரியுமா? அன்றைய வீரர்கள் விளையாடிய நேரத்தில் பாதிக்கு மேல் வெறும் பேச்சு! அதனால் கம்பெனிக்கு என்ன லாபம்? வீரர்களுக்கு என்ன லாபம் என்று சொல்ல வந்தேன்.”

பிரேமாவதி கைதட்டினார். மண்டபமும் தட்டியது.

“காத்திருப்பதை எடுத்தோம். சேற்றை ஒதுக்கினோம். பேச்சைக் குறைத்தோம். பாலத்தில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க வேண்டும் என்ற மூட வழக்கத்தை ஒழித்தோம். இன்றைக்கு நாற்பது தாண்டியவர்கள் அனைவரும் பாலத்தைக் கடந்தவர்களாகவே கருதப்படுவார்கள். வீரன் தானே நடக்கிறான், தானே அடிக்கிறான், தானே ஏறுகிறான். நீங்கள் தேவையே இல்லை! ஒரு விளையாட்டு தன் விளையாட்டாளருக்கு இதைவிட என்ன மரியாதை செய்துவிட முடியும்?”

கைதட்டல் கூரையைத் தொட்டது. தட்டியவர்களில் சிலர் நடுவில் நிறுத்தி யோசித்தார்கள். பக்கத்தில் ஆள் இல்லாததால் யாரிடமும் சொல்லவில்லை.

கேள்வி நேரத்தில் சசிதரன் எழுந்தான். “வணக்கம், சார். எனக்கு ஒரு மெசேஜ் வந்திச்சி. பழைய நண்பர் ஒருத்தர் காத்திருக்காருன்னு. அத நம்பித்தான் நான் உள்ள வந்தேன். அவரு யாரு, சார்?”

மூன்றாவது வரிசையில் தலை நரைத்த ஒருவர் மெல்ல எழுந்தார். “எனக்கும் அதே மெசேஜ்தான் வந்திச்சி.”

“எனக்கும்” என்றாள் கதவோரத்தில் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண். அப்புறம் இங்கொன்றும் அங்கொன்றுமாக எழுந்தார்கள். எனக்கும், எனக்கும் என்றார்கள். கடைசியில் உட்கார்ந்திருந்தவர்கள் என்று பார்த்தால் அலுவலர்கள் மட்டும்தான். ஆளுக்கொரு ரோனால்டைத் தேடி அத்தனை பேரும் வந்திருந்தார்கள்.

சிவநேசன் ஒரு கணம் விழித்தார். உடனே முகம் மலர்ந்துவிட்டது.

“அருமையான கேள்வி! அந்தப் பழைய நண்பர் வேறு யாருமல்ல. நாங்கள்தான்! கம்பெனிதான்! இத்தனை வருடமும் உங்களுக்காகக் காத்திருந்தது எங்களைத் தவிர யார், சொல்லுங்கள்?”

பிரேமாவதி கைதட்டினார்.

இத்தனை நெகிழ்ச்சியான கேள்வி கேட்டதற்காகச் சசிதரனை மேடைக்கு அழைத்து முந்நூறாம் லெவலுக்கு உயர்த்தினார்கள். ‘300’ என்று தங்க நிறத்தில் அச்சிட்ட, கதவு அகலத்துக்கு ஓர் அட்டையைக் கொடுத்து, ஒரு பக்கம் அவனும் மறுபக்கம் தலைவரும் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு விருந்து. பிரியாணியும் கோழி ரெண்டாங்கும். எழுந்து நின்று ‘எனக்கும்’ என்றவர்கள் தட்டோடு வந்து, மறுபடியும் ஒரு நாற்காலி இடம் விட்டு உட்கார்ந்தார்கள். யாரும் யாருடைய பெயரையும் கேட்கவில்லை. மேசைக்கு மேசை கைப்பேசிகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன, அவற்றில் வீரர்கள் பூதங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

சசிதரன் சாப்பிடவில்லை. அட்டையைக் காடியின் பின்சீட்டில் திணித்தான். அது உள்ளே அடங்கவில்லை, ஒரு சைபர் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பீடோங் தாண்டினான். கபே இருந்த கட்டடத்தைப் பார்க்காமல் பார்த்தான். செமிலிங் வந்தது. வீட்டுச் சந்தும் வந்தது. உள்ளே போனால் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், துணி உட்கார்ந்த நாற்காலி இருக்கிறது. சந்தில் திரும்பாமல் நேரே விட்டான். மெர்போக்கும் பின்னால் போயிற்று. கருவாட்டு வாசம் ஜன்னல் வழியாக ஏறியபோதுதான், தான் தஞ்சோங் டாவாய்க்குப் போய்க்கொண்டிருப்பதை ஒப்புக்கொண்டான்.

மழை விட்டிருந்தது. படகுத்துறையில், அக்கரையில் இருக்கும் பந்தாய் மெர்டேக்காவுக்கு ஆள் ஏற்றும் படகுகள் இரண்டு நின்றன. ஒன்றில் வயிறு தள்ளிய ஒருவன் குனிந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். முன்மண்டையில் முடி போயிருந்தது. சசிதரன் துறையில் நின்று கூப்பிடலாமா வேண்டாமா என்று தவித்தான். திரும்பிப் போய்விடலாம் என்றும் ஒரு காலை எடுத்தான். அந்த ஆள் நிமிர்ந்தான், கண்ணைச் சுருக்கினான்.

“டேய்… ரிம்பாராஜா?”

பெற்றவர்கள் வைத்த பெயர் அவன் வாயில் இரண்டாவதாகத்தான் வந்தது. “சசி! நீயாடா?”

ரோனால்ட் துறைக்குத் தாவி ஏறி, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கொடுத்தான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள்.

“கல்யாணத்துக்கு வரல நீ” என்றான் ரோனால்ட்.

“ஷிப்ட்டுடா.”

“கல்யாணம் ஒரு நாளு. ஷிப்ட்டு பத்து வருஷமாவா ஓடுது?”

சசிதரன் தலையைக் குனிந்துகொண்டான். ரோனால்ட் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டி, துறையோரத்து ஒட்டுக்கடைக்கு இழுத்துப் போனான். கடைப் பெஞ்சு மழையில் நனைந்திருந்தது. ரோனால்ட் சுற்றுமுற்றும் பார்த்தான், காடியில் நீட்டிக்கொண்டிருந்த அட்டையைப் பார்த்தான். “அது தேவையா உனக்கு?” என்றான். “இல்ல” என்றான் சசிதரன். அதை உருவி வந்து பெஞ்சில் போட்டார்கள். மூன்றின் மேல் சசிதரன் உட்கார்ந்தான், இரண்டு சைபரின் மேலும் ரோனால்ட் உட்கார்ந்தான். அந்த விழாவில் சசிதரனுக்குக் கிடைத்ததில் உருப்படியாகப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

“எனக்கு ஒரு மெசேஜ் வந்திச்சிடா, போன மாசம்” என்றான் ரோனால்ட். “பழைய நண்பர் ஒருத்தர் காத்திருக்காருன்னு. நீதான் அனுப்புனியோன்னு நெனச்சேன்.”

கம்பெனி எல்லாருக்கும் அனுப்புகிற செய்தி அது என்பதைச் சசிதரன் காலையில்தான் காதால் கேட்டிருந்தான். ரோனால்டின் முகத்தைப் பார்த்தான்.

“ஆமா, நான்தான்” என்றான்.

“நெனச்சேன்!” ரோனால்டின் பல்லெல்லாம் தெரிந்தது. “உள்ள போகலாம்னு பாத்தேன். பாஸ்வேர்ட் மறந்து போச்சி. தப்புத் தப்பாப் போட்டு லாக் ஆயிடுச்சி. வீட்டுக்காரி ஜெசிகா வேற, வேற வேல இல்லையாங்கன்னு ஏசுனா, விட்டுட்டேன்.”

“நல்லதாப் போச்சி.”

“என்ன நல்லது?”

“ஒண்ணுமில்ல.”

“நீ உள்ள இருக்கியா? எந்த லெவலு இப்ப?”

சசிதரன் குண்டிக்குக் கீழே இருந்த மூன்றை ஒரு கையால் மறைத்துக்கொண்டான். “முப்பத்தொம்பதுதான். நீதான் ஏறாதன்னு சொன்னியே.”

ரோனால்ட் ஆற்றைப் பார்த்தான். கண்ணை ஒருமுறை தேய்த்துக்கொண்டான், உப்புக்காற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த நேரம் பார்த்துச் சசிதரனின் பாக்கெட்டில் எக்காளம் ஊதியது. யாரும் கேட்காமலேயே ரிம்பாராஜா எங்கோ ஒரு பூதத்தை வெட்டி முந்நூற்றொன்று ஆகியிருந்தான். ஒட்டுக்கடைக்காரி திரும்பிப் பார்த்தாள். வாணவேடிக்கைச் சத்தம் நிற்கிற வழியாக இல்லை. பதினான்கு வருடம் ஆனாலும் லெவல் ஏறுகிற சத்தத்தை மட்டும் அவர்கள் மாற்றியிருக்கவில்லை.

ரோனால்ட் அவனைப் பார்த்தான். சசிதரனுக்குக் காதெல்லாம் சுட்டது.

“அவனுங்களே ஏத்திட்டானுங்கடா. நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல. சத்தியமா நான் ஏறல.”

ரோனால்ட் சத்தம் போடுகிற அந்தப் பாக்கெட்டைத் தட்டினான். “யாரு ஏத்துனா என்ன. ஏறிட்டல்ல?” என்றான். “அப்ப தே தாரிக் உன் பெலாஞ்சா.”

சசிதரன் சிரித்துவிட்டான். சிரித்து எத்தனை நாள் ஆயிற்றோ, முதலில் இருமல்தான் வந்தது. எழுந்து போய் இரண்டு தே தாரிக் சொல்லி, அவை ஆற்றி முடியும் வரை கூடவே நின்று, இரண்டு கையிலும் எடுத்து வந்தான்.

வந்தபோது படகில் ஆள் ஏறியிருந்தது. பைகளும் குழந்தைகளுமாக ஒரு மலாய்க் குடும்பம். “பாங், ஜாலான் தாக்?” என்று, படகு கிளம்பவில்லையா எனக் கேட்டுக் கிழவர் ஒருவர் குரல் கொடுத்தார். ரோனால்ட் துறையில் நின்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“என் முறைடா. விட்டா அவன் தூக்கிருவான்” என்று அடுத்த படகைக் காட்டினான். “போய் இறக்கிட்டு வந்துர்றேன். இரு.”

“போய்ட்டு வா.”

இன்ஜின் இருமிப் பிடித்தது. படகு கரையை விட்டு நகர்ந்தது. ஆற்றின் நடுவுக்குப் போவதற்குள் ரோனால்ட் திரும்பி, கையை வாயருகே வைத்துக் கத்தினான்.

“டேய்! நான் வர்ற வரைக்கும் ஏறாத!”

சசிதரன் கையை உயர்த்திக் காட்டினான். அப்புறம் கைப்பேசியை எடுத்தான். ரிம்பாராஜா அடுத்த பூதத்தை நோக்கித் தானாக நடந்துகொண்டிருந்தான். வெளியேறும் இடத்தைத் தேடிப் பிடித்து அழுத்தினான். “தாங்கள் வெளியேறினால் தங்கள் பழைய நண்பர் மிகவும் வருந்துவார்” என்று வந்தது. பொத்தான்கள் இரண்டு, ‘வெளியேற மாட்டேன்’, ‘அப்புறம்.’ அவன் கைப்பேசியின் பக்கவாட்டில் இருந்த பொத்தானை, திரை கறுத்துப்போகும் வரை விடாமல் அழுத்திப் பிடித்தான். அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

படகு அக்கரைக்குப் போய்ச் சின்னதாகிவிட்டது. சென்றமுறையும் வந்துவிடுவேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனான். தே தாரிக்கின் நுரை அடங்கத் தொடங்கியது. சசிதரன் கடைக்காரியிடம் ஒரு சின்னத் தட்டுக் கேட்டு வாங்கி, ரோனால்டின் கிளாஸ் ஆறிவிடாமல் மூடி வைத்தான்.

மீன் பெட்டியோடு வந்த ஒருவர் பெஞ்சைப் பார்த்தார், அட்டையின் இரண்டு சைபரையும் பார்த்தார். தமிழர்தான்.

“தம்பி, இங்க ஆள் இருக்கா?”

“இருக்கு, அண்ணே” என்றான் சசிதரன்.